இன்னைக்கு யார் ஊட்ல பாலு

கும்மிடிப்பூண்டிக்கு நான் குடித்தனம் போன முதல் நாளே அந்த அம்மாள் என் வீட்டுச் சாவியைக் கிணற்றில் போட்டார்.

நானும் என் வீட்டுக்காரரும் ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ், எங்கம்மா கட்டிக்கொடுத்த ஊறுகாய் ஜாடியோடு ஸ்டேஷனிலிருந்து நடந்து வந்து நிற்கிறோம். அவருக்கு அப்போதுதான் ஊருக்கு வெளியே இருந்த இரும்புக் கம்பெனியில் ஃபிட்டர் வேலை கிடைத்திருந்தது. ரயில் பாதை ஓரமாக வரிசையாக ஓடு போட்ட அறைகள், எதிரே எல்லோருக்கும் பொதுவாக ஒரு கிணறு. லைன் வீடு என்பார்கள். வீட்டுக்கார அம்மாள் ஒரு புதுத் திண்டுக்கல் பூட்டைக் கொண்டுவந்தார். அதில் இரண்டு சாவி. ஒன்றை என் உள்ளங்கையில் வைத்து மூடினார். இன்னொன்றை என் கண்ணெதிரிலேயே கிணற்றுக்குள் விட்டெறிந்தார்.

“இனிமே இது உன் ஊடும்மா. நீ கூப்ட்டாதான் நான் உள்ள வருவேன்” என்றார்.

கழண்ட கேஸாக இருக்கிறதே, வேறு இடம் பார்க்கலாம் என்று என் வீட்டுக்காரரின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அவர் ராத்திரி முழுக்க வண்டியில் நின்றுகொண்டே வந்தவர். ஒரு சாவி நம்மிடம் இருக்கிறதல்லவா, பேசாமல் உள்ளே வா என்று போய்ப் படுத்துவிட்டார்.

அந்த அம்மாளின் பேர் எனக்கு இன்றுவரை தெரியாது. ரயில்வே கேங்மேன் ஒருவரின் விதவை என்று மட்டும் தெரியும். வீட்டுக்காரம்மா என்றே லைன் முழுக்கக் கூப்பிட்டது, நானும் கூப்பிட்டேன். நல்ல உயரம். வாயில் எப்போதும் புகையிலை. மழை வந்தால் செத்துப்போன புருஷனின் காக்கிக் கோட்டை மாட்டிக்கொண்டு சுற்றுவார். குரல் எடுத்தால் கூடூர் பாசஞ்சரின் ஊதல் தோற்றுப்போகும். ஆனால் அந்தக் குரலை வாசலுக்கு வெளியே வைத்துக்கொண்டுதான் உபயோகிப்பார். யார் வீட்டு நிலைப்படியையும் கேட்காமல் தாண்டமாட்டார். அவர் கட்டி வாடகைக்கு விட்ட வீடுதான், அவர் ஓடுதான், அவர் சுவர்தான். இருந்தாலும் வெளியே நின்று, “உள்ள வரலாமா?” என்று கேட்பார். உள்ளே ஆள் தூங்கினால் அந்தக் குறட்டையோடு வாதாடிக்கொண்டு நிற்பார். ஒரு தடவை என் வீட்டில் பூனை புகுந்து தயிரை நக்கிக்கொண்டிருந்தது. நான் கடைக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தால் இந்த அம்மாள் திறந்த கதவுக்கு வெளியே நின்று பூனையை வாயாலேயே திட்டிக்கொண்டிருக்கிறார். உள்ளே போய் விரட்டியிருக்கக் கூடாதா என்றேன். நீ இல்லாத ஊட்டுக்குள்ள நான் எப்டி வர்றது என்று என்னையே திருப்பிக் கேட்டார். தயிர் போனது போனதுதான்.

வருஷத்துக்கு ஒருமுறை கிணறு தூர் வாருவார்கள். இறங்கினவன் சேற்றோடு சேர்த்துக் கூடை நிறையத் துருப்பிடித்த சாவிகளை ஏற்றி அனுப்புவான். இந்த அம்மாள் சேற்றை மட்டும் கொட்டிவிட்டு, சாவிகளைக் கழுவி மறுபடியும் கிணற்றிலேயே போடுவார். இந்தப் பொம்பளைக்கு எதற்குத் தூர் வாருகிறோம் என்று அவன் தலையில் அடித்துக்கொள்வான். அந்தத் தண்ணீரைத்தான் நாங்கள் அத்தனை வருஷம் குடித்தோம். ஒருத்தருக்கும் இரத்தச்சோகை வரவில்லை என்பதையும் சொல்லவேண்டும்.

இதெல்லாம் பரவாயில்லை. லைனின் கிழக்குக் கோடியில்தான் எனக்கு வயிற்றெரிச்சல் ஆரம்பித்தது. மற்றவர்கள் ஸ்டேஷனுக்குப் போனால் ஆளை ஏற்றி அனுப்பிவிட்டு வருவார்கள். இந்த அம்மாள் முந்தானையில் ஒரு பூட்டை முடிந்துகொண்டு போய், பிளாட்பாரத்தில் குடித்துவிட்டு விழுந்து கிடக்கிறவனை எழுப்பிக் கூட்டிக்கொண்டு வந்து அந்தக் கோடியில் குடிவைப்பார். வந்தவனுக்கும் எனக்குச் செய்த அதே மரியாதை. கையில் ஒரு சாவி, கிணற்றில் ஒரு சாவி, இது உன் ஊடு நைனா.

அப்போது சாராயக்கடைகளை அரசாங்கமே திறந்துவிட்டிருந்தது. பிறகு மூடிவிட்டார்கள். மூடியதால் சரக்கு கள்ளச்சாராயமாக முள்ளுக்காட்டுப் பக்கம் போயிற்று. குடிக்கிறவர்களுக்கு நடை கூடியது, அவ்வளவுதான்.

நான் மாசமாக இருந்தேன். பக்கத்தில் இப்படிப்பட்டதுகளைக் கொண்டுவந்து வைத்தால் யாருக்குத்தான் ஆத்திரம் வராது? முதலில் குடியை நிறுத்தட்டும், அப்புறம் வீடு கொடுங்கள் என்று சண்டைக்குப் போனேன். அந்த அம்மாள் புகையிலையை ஒதுக்கிக்கொண்டு பொறுமையாகக் கேட்டார்.

“பிளாட்பாரத்துல படுத்துக்கினு எவம்மா குடிய வுட்டிருக்கான்? நீ ஒரு மழைக்கு அங்க படுத்துப் பாரு. நீயே ஒரு கிளாஸு கேப்ப.”

என்னைப் பார்த்து இப்படி ஒரு பேச்சு! ஒரு மாசம் நான் அவரோடு பேசவில்லை. அவருக்கு அது தெரிந்ததாகவே தெரியவில்லை.

அப்படி வந்து சேர்ந்தவர்தான் எத்திராஜ். திருவள்ளூர்ப் பக்கத்தில் ஒரு பெருமாள் கோயிலில் பல்லக்குச் சுமந்தவர். ஒரு உற்சவத்தில் போட்டுக்கொண்டு வந்து தோள் கொடுத்ததில் பெருமாள் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டார். அன்றோடு கோயிலும் போயிற்று, வீடும் போயிற்று, ரயிலேறி வந்து கும்மிடிப்பூண்டி பிளாட்பாரம் மிச்சமாயிற்று. குடித்தவர்கள் தள்ளாடுவார்கள், இவர் தள்ளாடமாட்டார். தோளில் பல்லக்குத் தண்டு இருக்கிற மாதிரி ஒரு பக்கம் சாய்ந்து, இரண்டு எட்டு வைத்து, நின்று, மறுபடி இரண்டு எட்டு வைத்து, பெருமாள் புறப்பாடு மாதிரி வருவார். அப்படி நிதானமாக நடந்து வந்தால் அன்றைக்கு நன்றாக ஏற்றிக்கொண்டுவிட்டார் என்று அர்த்தம்.

குடியை விட்ட முதல் வாரத்தில் அவருக்குக் கை கால் எல்லாம் உதறியது. பொன்னேரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் ஊசி போட்டுக் கூட்டிவந்ததும் அந்த அம்மாள்தான். அப்புறம் கஞ்சிச் சட்டியோடு எத்திராஜ் கதவுக்கு வெளியே பகலெல்லாம் உட்கார்ந்திருந்தார். உள்ளே வரச்சொல்ல அவருக்கு வாயெழவில்லை, கூப்பிடாமல் இவர் போகமாட்டார். பேச்சுத்துணை வேண்டுமே என்று லைன் சமாசாரம் முழுக்க வெளியிலிருந்தே உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். என் மீன் குழம்பில் புளி தூக்கல் என்பது வரைக்கும் எத்திராஜுக்குத் தெரிந்துபோயிற்று. உடம்பு தேறி எழுந்து வந்து முதன்முதலாக என்னிடம் அவர் பேசியதே, “இப்ப புளி கம்மியா போடுறீங்களாம்மா?” என்றுதான்.

உடம்பு தேறியதும் அந்த அம்மாளே அவரை அரிசி மில்லில் மூட்டை தூக்கும் வேலைக்குச் சொல்லிவிட்டார். பெருமாளைச் சுமந்த தோளுக்கு அரிசி மூட்டை ஒரு பாரமா? மில்காரர் ரொம்ப சந்தோஷப்பட்டார்.

ஆனால் இதெல்லாம் ஒரே போக்கில் நடந்துவிடவில்லை. நடுநடுவே எத்திராஜ் புறப்பாடு வருவார். அங்கேதான் அந்த அம்மாளின் பால் விஷயம். புது வீட்டுக்குப் போனால் எல்லோரும் பால் காய்ச்சுகிறோம் அல்லவா, அது இங்கேயும் உண்டு. பால் பொங்கி வழியவேண்டும், லைன் முழுக்க ஆளுக்கு ஒரு டம்ளர் கொடுக்கவேண்டும். ஆனால் இந்த அம்மாள் சட்டப்படி, ஒருத்தன் குடித்துவிட்டு வந்து விழுந்தால், மறுநாள் காலையில் தெளிந்ததும் குளித்துவிட்டு மறுபடியும் பால் காய்ச்சவேண்டும். திட்டு கிடையாது. சத்தியம் வாங்குவது கிடையாது. ஏன் குடித்தாய் என்று யாரும் வாயைத் திறக்கக் கூடாது. எப்படியும் சாவியைத் தொலைத்துவிட்டுத்தான் வந்திருப்பான். ஒரு புதுப் பூட்டு, கிணற்றில் ஒரு சாவி, இன்றைக்குத்தான் குடிவந்தவன் மாதிரி அடுப்பு மூட்டிப் பால் காய்ச்சி, வீடு வீடாகப் போய்த் தலையைக் குனிந்துகொண்டு, “எங்க ஊட்ல பாலும்மா” என்று கூப்பிடவேண்டும். திட்டியிருந்தால்கூட எத்திராஜ் தாங்கியிருப்பார். இந்தப் பாலைக் கொடுப்பதற்குள் அவர் பாதி ஆளாகிவிடுவார்.

பால்காரன் எருமையை ஓட்டிக்கொண்டு வரும்போதே, “இன்னைக்கு யார் ஊட்ல பாலு?” என்று விசாரித்துக்கொண்டேதான் வருவான். எங்கள் லைனில்தான் அவனுக்கு நல்ல வியாபாரம். பிள்ளைகளுக்கோ கொண்டாட்டம். எனக்குப் பிறந்த பெண் பேச ஆரம்பித்ததும் எத்திராஜின் வேட்டியைப் பிடித்துக்கொண்டு, “மாமா, மறுபடி எப்ப குடிப்ப?” என்று கேட்டாள். பாவம், சர்க்கரை போட்ட பால் மேல் அவளுக்கு அவ்வளவு ஆசை. எத்திராஜ் அப்படியே குந்திவிட்டார். அதற்கப்புறம் ரொம்ப நாள் அவர் வீட்டில் பால் இல்லை. என் பெண்ணுக்குத்தான் ஏமாற்றம்.

ஒருநாள் மத்தியானம் எத்திராஜ் அறையிலிருந்து கறுப்பாகப் புகை வந்தது. மில் வேலை முடிந்து வந்தவர் உலையை ஏற்றிவிட்டு அசந்து தூங்கியிருக்கிறார். என் வீட்டுக்காரர் கதவை உதைக்கக் காலைத் தூக்கினார். இந்த அம்மாள் குறுக்கே பாய்ந்து, கேட்டுக்கினு போ நைனா என்று அவரைத் தடுத்துவிட்டு, அந்தப் புகைக்கு முன்னால் நின்று, “எத்திராஜு, உள்ள வரலாமா?” என்கிறார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. உள்ளேயிருந்து இருமலோடு, “வாங்கம்மா, வாங்க” என்று பதில் வந்தது. கதவு திறந்தது. போய்ப் பார்த்தால், அந்த மனுஷன் அடுப்பை அணைக்கவில்லை, புகையில் துழாவித் துழாவிப் பாயைத் தேடிக்கொண்டிருக்கிறார். வீட்டுக்கு வந்தவர்களை உட்காரச் சொல்லவேண்டுமாம்! அந்தத் தீய்ந்த சோற்றுப் புகையில் பாயில் உட்கார்ந்து ஒரு நிமிஷம் இருந்துவிட்டுத்தான் அந்த அம்மாள் எழுந்து வந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டே, உட்காரச் சொன்னாம்மா என்று என்னிடம் பெருமையாகச் சொன்னார். நான் குடத்தோடு தண்ணீரை அடுப்பில் கொட்டிவிட்டு வந்தேன்.

இப்படி ஓடிக்கொண்டிருந்ததில்தான் கொழுந்தன் வந்து சேர்ந்தார். அந்த அம்மாளின் புருஷனுடைய தம்பி. கவரைப்பேட்டை ஸ்டேஷன் வாசலில் கடை வைத்திருந்தார். வீடு அண்ணி பேரில், மனை அவர் பேரிலும் பாதி. ஊர்ப்பக்கம் புதுசாக நிலம் அளந்துகொண்டிருந்த ஒரு கம்பெனிக்காரர்கள் ஆட்களைத் தங்கவைக்க அறைகள் கேட்டார்களாம். குடிகாரர்களைக் கிளப்பிவிட்டு அந்தக் கோடியைக் கொடுத்துவிடலாம் என்றார். அந்த அம்மாள் முடியாது என்றார். பேச்சு முற்றியது. கடைசியில் கொழுந்தன் லைன் நடுவில் நின்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்.

“ஆடி முடியற வரைக்கும் பாப்பேன் அண்ணி. அதுக்குள்ள இந்த லைன்ல குடிச்சிட்டான்னு ஒரு பேச்சு வந்துதோ, குடிச்ச ஆளு வெளிய போவணும்.”

“குடிச்ச ஆளு போவணும், அவ்ளோதான?”

“அவ்ளோதான்.”

“சரி நைனா” என்றார் அந்த அம்மாள்.

எல்லோரும் எத்திராஜைத்தான் பார்த்தோம். வேறு யாரைப் பார்ப்பது? கோடியில் இருந்த மற்றவர்கள் ஒருமாதிரி நிலைத்துவிட்டார்கள். போன மழைக்குப் பிளாட்பாரத்திலிருந்து ஒருத்தனைப் போர்த்தித் தூக்கிக்கொண்டு போனதை எல்லோரும் பார்த்திருந்தோம். எத்திராஜை வெளியே அனுப்பினால் அடுத்தது இவர்தான் என்று எனக்கே தெரிந்தது. எனக்கு அந்த மனுஷன் மேல் ஒன்றும் பெரிய பிரியம் இல்லை. ஆனாலும் என் பெண்ணைத் தோளில் வைத்துக்கொண்டு பெருமாள் நடை நடந்து அவளைத் தூங்கவைக்க அவரை விட்டால் ஆள் கிடையாது.

ஆடி மாசம் என்றால் எங்கள் பக்கம் பெரியபாளையம்தான். வண்டி கட்டிக்கொண்டு போய்ப் பொங்கல் வைத்து, வேப்பிலை கட்டி, சாமி கும்பிட்டுவிட்டு வருவோம். சாமி ஒரு பக்கம் என்றால் சரக்கு ஒரு பக்கம். எத்திராஜைத் தனியாக விட்டுப் போவதா, கூட்டிப் போவதா என்று லைனே உட்கார்ந்து யோசித்தது. கூட்டிப் போவது என்று முடிவாயிற்று. பெருமாள் ஆள் அம்மன் கோயிலுக்கு வருவாரா என்று கேட்டதற்கு, அம்மன் பெருமாளுக்குத் தங்கச்சிதானேம்மா, நான் போனால் அவர் சந்தோஷப்படுவார் என்றார் எத்திராஜ். அந்த அம்மாள் மட்டும் முட்டி வலி என்று வரவில்லை. எல்லா வீட்டுக்கும் காவலாக இருக்கிறேன் என்றார். ஆடி பிறந்ததிலிருந்து எத்திராஜைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துப் பார்த்து அந்த அம்மாளின் முகமே சுண்டிப்போயிருந்தது.

அங்கே போய் நாங்கள் பட்ட பாடு! எத்திராஜ் திரும்பினால் ஒருத்தர், உட்கார்ந்தால் ஒருத்தர். ஒதுக்குப்புறமாக ஒன்றுக்குப் போனால்கூட என் வீட்டுக்காரர் பின்னாலேயே போய் நின்றார். இரண்டு பேருக்கும் வராமல் திரும்பி வந்தார்கள். சாயங்காலம் வண்டிக்காரர்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தன் எத்திராஜைக் கூப்பிட்டு ஒரு கிளாஸை நீட்டினான். நாங்கள் யாரும் பக்கத்தில் இல்லை, நான் மட்டும் தூரத்திலிருந்து பார்க்கிறேன். எத்திராஜ் ரொம்ப நேரம் அந்தக் கிளாஸையே பார்த்தார். அப்புறம் அரைஞாண் கயிற்றில் தொங்கிய சாவியை எடுத்து அவனிடம் காட்டினார்.

“ஊடு பூட்டிட்டு வந்திருக்கேன்பா. போவணும்” என்றார்.

அன்று ராத்திரி வண்டி லைனுக்கு வந்து சேர்ந்தபோது எங்களுக்கெல்லாம் தேர் இழுத்து நிலைக்குக் கொண்டுவந்துவிட்ட திருப்தி. வீட்டுக்காரம்மா தூங்கிவிட்டார் போலிருந்தது, அவர் வீட்டில் விளக்கு இல்லை.

காலையில் பால் வாசனை வந்தது.

எல்லோரும் எத்திராஜ் கதவுக்கு ஓடினோம். அவர் கதவைத் திறந்துகொண்டு வந்து, எங்கள் முகங்களைப் பார்த்ததும் விஷயம் புரிந்து, “நான் இல்லம்மா” என்றார். கண் தெளிவாக இருந்தது. ரொம்ப மனவருத்தம் அவருக்கு. அப்படியானால் யார் வீட்டில்?

வீட்டுக்காரம்மா வீட்டுக் கதவு திறந்திருந்தது. தலை குளித்த ஈரம் சொட்டச் சொட்ட நிலைப்படிக்கு உள்ளே நின்றுகொண்டிருந்தார். கண் இரண்டும் சிவந்து, முகம் வீங்கியிருந்தது.

“எங்க ஊட்ல பாலு. எல்லாரும் வாங்க” என்றார்.

அப்புறம் எங்களைப் பார்க்காமலே, “எல்லாரும் போய்ட்டீங்க. லைன்ல ஒரு சத்தம் இல்ல. பயமா இருந்துச்சி. முள்ளுக்காட்டாண்ட போயிட்டேன்” என்றார். யாரும் கேட்கக் கூடாது என்பதுதான் சட்டம். நாங்கள் கேட்கவில்லை, அவராகச் சொன்னார்.

அந்த நேரம் பார்த்துக் கொழுந்தன் சைக்கிளில் வந்து இறங்கினார். பால் வாசனைக்கு அர்த்தம் அவருக்கும் தெரியும். முகமெல்லாம் பல். “யாரு, எத்திராஜா?” என்றார். எத்திராஜ் ஒரு அடி முன்னால் வைத்தார். அவர் வாயைத் திறந்து நான்தான் என்று சொல்லப்போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஐயோ, சொல்லித் தொலைக்காதே என்று மனசுக்குள் கத்தினேன்.

“நான்தான் நைனா குடிச்சேன்” என்றார் வீட்டுக்காரம்மா.

கொழுந்தனுக்குப் பல் உள்ளே போய்விட்டது.

“குடிச்ச ஆளு வெளிய போவணும்னு சொன்ன. நானும் ஒத்துக்கினேன். சொல்லு, எந்த ஸ்டேஷனுக்குப் போவட்டும்? இந்த ஊரா, கவரப்பேட்டையா? எனக்குக் கவரப்பேட்டைதான் பழக்கம். குடிச்சிட்டு அங்க கெடந்தவளதான உங்கண்ணன் கூட்டியாந்து, ஒரு ரூமு கட்டி, சாவிய கைல குடுத்தாரு.”

அது எங்களில் யாருக்கும் தெரியாது. கொழுந்தனுக்குத் தெரியும் என்பது அவர் தலை குனிந்ததிலேயே தெரிந்தது. அண்ணி தன் கடை வாசலில் வந்து படுத்திருப்பதை அவர் நினைத்துப் பார்த்திருக்கவேண்டும். கையைப் பிசைந்தார்.

“ஊரு சிரிக்கும் அண்ணி. மொதல்ல உள்ள போங்க.”

“உள்ளதான் நைனா நிக்கறேன். நீதான் வெளிய நிக்கற. வா, பால் சாப்டு.”

கொழுந்தன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். சர்க்கரை கம்மி என்று முணுமுணுத்துக்கொண்டே முழுசும் குடித்தார். கம்பெனியைப் பற்றி அன்றைக்கும் பேசவில்லை, அதற்கப்புறமும் பேசவில்லை.

அத்தனை வருஷத்தில் நாங்கள் யாரும் அந்த வீட்டுக்குள் போனதில்லை, அவரும் கூப்பிட்டதில்லை. எல்லோர் வீட்டையும்விடப் பெரியது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எங்களுடையதைவிடச் சின்னது. ஒரு பாய், ஒரு அடுப்பு, ஆணியில் காக்கிக் கோட்டு, மூலையில் புதுப் பூட்டுகள் போட்டுவைக்கும் தகர டப்பா.

எத்திராஜ் மட்டும் வாசலிலேயே நின்றார். “உள்ள வரலாமா?” என்று கேட்டார். வா நைனா என்றதும் வந்து, டப்பாவிலிருந்து ஒரு பூட்டை எடுத்தார். ஒரு சாவியை அந்த அம்மாளின் உள்ளங்கையில் வைத்து மூடினார். இன்னொன்றை எடுத்துக்கொண்டு பெருமாள் நடையில் கிணற்றுக்குப் போனார். சாவி தண்ணீரில் விழுந்த சத்தம் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

“டேய், பழைய பூட்டு நல்லாத்தான்டா இருந்துச்சி” என்று அந்த அம்மாள் கத்தினார். கத்தும்போதே அழுதுவிட்டார். நான் டம்ளரை வாயில் வைத்து முகத்தை மறைத்துக்கொண்டேன்.

என் பெண்ணுக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது? மீசை மாதிரி பால் ஒட்டின வாயோடு அவர் மடியில் ஏறிக்கொண்டு, “ஆயா, மறுபடி எப்ப பாலு?” என்று கேட்டாள். நான் பதறிப்போய் அவளைப் பிடித்து இழுத்தேன். அந்த அம்மாள் விடவில்லை. புதுச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டே அவளிடம் சொன்னார்.

“எப்பன்னு தெரியாதுடீ கண்ணு. ஆனா காச்சறது இந்த ஊட்லதான்.”